குழுப் பயணத்திற்குப் படவழிக்குறிப்பு: விரிதாளில் அமைக்கும் முறை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தார் ஆண்டுக்கொருமுறையேனும் ஒன்றுகூடித் தலயாத்திரை செல்வது போற்றத்தக்க வழக்கமாகும். முன்னாளில் பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்திச் சென்றோம். அதன் ஓட்டுநர் ஒருவர் வழி அறிந்திருந்தால் போதுமானதாக இருந்தது. இந்நாளில் வீட்டுக்கொரு கார் வந்துவிட்டமையால் ஐந்து வண்டிகள், ஐந்து ஓட்டுநர்கள் என்று பயணம் பிரிந்துவிட்டது. ஐவரும் ஒரே வழியில், ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் சென்று சேர வேண்டுமாயின் அதற்கு ஓர் எழுத்துக்குறிப்பு தேவை. அதனைக் கணிப்பொறியின் விரிதாளில் படத்துடன் அமைக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம். எடுத்துக்காட்டாக, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சென்று, அங்கிருந்து வந்தவாசி வழியாகக் குந்தகுந்தாசாரியரின் திருவடிகள் அமைந்த பொன்னூர் மலைக்குச் செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

கைப்பேசியே வழி சொல்லும்போது காகிதம் எதற்கு என்று இளைஞர் வினவுவர். வினா நியாயமானதே. தனியாகச் செல்லும் ஒருவருக்குக் கைப்பேசி மிகவும் உதவும். ஆயினும் அது ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே வழி சொல்கிறது. முன்வண்டிக்கு நெடுஞ்சாலையைச் சொன்ன அதே கருவி, பத்து நிமிடம் பின்தங்கிய வண்டிக்கு நெரிசலைக் காரணமாகக் கொண்டு ஊர்த்தெரு ஒன்றைச் சொல்லும். குழு அங்கேயே சிதறிவிடுகிறது.

மற்றொரு தொல்லை ஊர்ப்பெயர்களால் விளைவது. நம் வழியிலேயே பாருங்கள். காஞ்சிபுரத்திற்குத் திரும்பும் இடங்களுள் ஒன்று பொன்னேரிக்கரை. சென்னைக்கு வடக்கேயோ பொன்னேரி என்னும் ஊர் உள்ளது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்து நெமிலி சுங்கச்சாவடி. அரக்கோணத்துப் பக்கத்தில் வேறொரு நெமிலி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியில் தூசியை ஒட்டி மாமண்டூர், பல்லவர் காலக் குடைவரைகள் உடையது. செங்கற்பட்டுக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையிலும் ஒரு மாமண்டூர்.

2023ஆம் ஆண்டு நானும் உடன்சென்ற ஒரு பயணத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பொன்னூர் மலையிலிருந்து திரும்புகையில் மாமண்டூரில் அனைவரும் கூடி மாலையுணவு கொள்வது என்பது ஏற்பாடு. உணவு முழுவதும் ஒரே வேனில் இருந்தது. கடைசி வண்டியினர் கைப்பேசியில் ஊர்ப்பெயரைத் தட்டினர். அது திருச்சி நெடுஞ்சாலை மாமண்டூரை அவர்களுக்குக் காட்டிற்று. தவறு தெரிந்தபொழுது மாலை ஐந்தரை மணி. அவ்வண்டியில் இரவுண்ணா நோன்புடைய முதியோர் இருவர் இருந்தனர். அவருள் ஒருவர் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர். கதிரவன் மறைந்தபின் அவர் எதுவும் உட்கொள்ள இசையவில்லை. ஆவடி வந்து சேரும்வரை அவருடைய மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டே அமர்ந்திருந்தாராம். ஒரே ஒரு வரி எழுதப்பட்ட தாள் அவ்வண்டியில் இருந்திருப்பின் இவ்வளவும் நேர்ந்திராது.

படத்துடன் வழி எழுதும் கலை புதியதன்று. இங்கிலாந்தில் ஜான் ஓகில்பி என்பார் 1675இல் வெளியிட்ட ‘பிரிட்டானியா’ என்னும் நூலில் நூறு தகடுகளில் சாலைகளை நீண்ட நாடாக்களைப் போல வரைந்து காட்டினார். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. தாளின் அடியில் தொடங்கி மேல்நோக்கிப் படிக்க வேண்டும். பயணிக்குத் தேவையில்லாத நிலப்பரப்பை அவர் வரையவே இல்லை. இக்காலத்தில் கார் ராலி எனப்படும் போட்டிகளில் இம்முறை மேலும் சுருக்கமடைந்தது. 1949இல் நெதர்லாந்தில் தொடங்கிய துலிப் ராலியின் பெயரால் ‘துலிப் படம்’ என்று வழங்கும் சிறு குறிப்படம் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. நம் வழியில் இருங்காட்டுக்கோட்டையில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத்தடம் இருப்பதை அன்பர்கள் அறிவர். பந்தயம் நமக்கு வேண்டியதில்லை. அவர்களுடைய வழிக்குறிப்பு முறை வேண்டும்.

துலிப் படத்தின் இலக்கணம் மிக எளிது. கட்டத்தின் அடியில் ஒரு கரும்புள்ளி: அது நீங்கள் வருகின்ற பக்கம். அங்கிருந்து தடித்த கோடொன்று சந்திப்பு வரை மேலே சென்று, நீங்கள் போக வேண்டிய திசையில் அம்பாக முடியும். சந்திப்பில் உள்ள மற்றச் சாலைகள் மெல்லிய கோடுகள். அவ்வளவே. பள்ளியில் நாம் கற்பித்த நிலப்படத்தில் வடக்கு எப்பொழுதும் மேலே இருக்கும். துலிப் படத்தில் வண்டியின் முகம் எத்திசையோ அதுவே மேல். முதன்முறை பார்ப்போர், குறிப்பாக நிலவியல் நன்கு படித்தோர், இதில் சிறிது மயங்குவர். இரண்டு மூன்று திருப்பங்களுக்குள் பழகிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். விரிதாளைத் திறக்கும் முன், ஒருமுறை அவ்வழியில் சென்று வர வேண்டும். பயணத்திற்கு ஓரிரு வாரம் முன்னதாக, ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அருகமர்ந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஓட்டுபவரே எழுதலாகாது. புறப்படும் இடத்தில் வண்டியின் ‘ட்ரிப் மீட்டரை’ச் சுழியாக்கிக்கொண்டு, முடிவெடுக்க வேண்டிய ஒவ்வோரிடத்திலும் எண்ணையும், சந்திப்பின் வடிவத்தையும், கண்ணில் படும் அடையாளத்தையும் குறித்தல் வேண்டும்.

அடையாளங்களைத் தெரிவதில் கவனம் தேவை. தேநீர்க்கடை, விளம்பரத்தட்டி, மஞ்சள் வண்ண வீடு ஆகியன நிலையற்றவை. கூவம் ஆற்றுப் பாலம், வெளிவட்டச் சாலையின் குறுக்கீடு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடம், நெமிலி சுங்கச்சாவடி, காஞ்சிக்கு அப்பால் செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலம் ஆகியன அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். சாலையின் அமைப்போ மாறிக்கொண்டே இருக்கிறது. மெட்ரோ ரயில் பணிகளால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எத்தனை திருப்பங்கள் மூடப்பட்டுத் திறக்கப்பட்டன என்பதை அப்பகுதியினர் நன்கறிவர். ஆகவே, முன்னோட்டம் சென்ற நாளைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். பழைய ஆண்டின் குறிப்பை அப்படியே படியெடுத்துக் கொடுப்பது குறிப்பே இல்லாதிருப்பதினும் தீது.

மீட்டர்களைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு வண்டிகளின் மீட்டர்கள் ஒத்திருப்பதில்லை. டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கூட வேறுபாட்டை உண்டாக்கும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு பத்துக் கி.மீ. ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 10.2 காட்டினால், அவ்வண்டியின் அளவை 0.98ஆல் பெருக்கினால் உண்மைத் தொலைவு ஏறத்தாழக் கிடைக்கும். பத்துக் கி.மீ.க்கு 200 மீட்டர் என்பது சிறிதாகத் தோன்றும், நூறு கி.மீ. சென்றபின் அது இரண்டு கி.மீ. ஆகிவிடும், திருப்பம் தவறிப்போகும். இதற்கு மருந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லா வண்டிகளும் மீட்டரைச் சுழியாக்கிப் புதிதாகத் தொடங்குவதே.

விரிதாளுக்கு எக்செல் இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். இல்லாதோர் விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் கொண்டு இதே வேலையைச் செய்யலாம். வரைபடம் வரைய எழுதுநிரலே போதாதா எனில், போதாது. எழுதுநிரலில் இடையே ஒரு வரியைச் சேர்த்தால் படங்கள் இடம்பெயரும். தொலைவுகளை மீண்டும் கையால் கூட்ட வேண்டும். விரிதாளில் கட்டம் படத்திற்குச் சட்டமாகிறது, கூட்டலும் தானே நடக்கிறது.

முதல் வரிசையில் தலைப்புகளை இடுங்கள்: வரிசை எண், இந்நிறுத்தத்திலிருந்து மொத்தத் தொலைவு, முந்திய குறியிலிருந்து தொலைவு, படம், செய்ய வேண்டியது, அடையாளம், வேகம், தங்கும் நிமிடம், நேரம். ஒன்பது பத்திகள் ஆயின. படத்திற்குரிய பத்தியின் அகலத்தை ஏறத்தாழ 14 என்றும், வரிசைகளின் உயரத்தை 75 என்றும் வைத்தால் கட்டம் சதுரமாக அமையும். அகலம் எழுத்துக்கணக்கிலும் உயரம் அச்சுப்புள்ளிக் கணக்கிலும் அளக்கப்படுவதால்தான் எண்கள் இவ்வாறு வேறுபடுகின்றன, குழப்பம் வேண்டா.

படத்தை வரைதல்: ‘இன்சர்ட்’ பட்டியில் ‘ஷேப்ஸ்’ என்பதைத் திறந்து ‘ஃப்ரீஃபார்ம்’ கோட்டைத் தெரிந்தெடுங்கள். கட்டத்தின் அடிநடுவில் ஒருமுறை, சந்திப்பில் ஒருமுறை சொடுக்கி, போகும் திசையின் முடிவில் இருமுறை சொடுக்கினால் வளைந்த கோடு கிடைக்கும். கோட்டின் வடிவமைப்பில் தொடக்கத்திற்கு வட்டப்புள்ளி, முடிவிற்கு அம்பு, தடிமன் நான்கு புள்ளி என்று அமையுங்கள். பிற சாலைகளுக்கு ஒரு புள்ளித் தடிமனில் நேர்க்கோடு போதும். ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு வரைந்தால் நேர்க்கோடு சாயாது. பின்னர் எல்லாக் கோடுகளையும் சேர்த்துத் தெரிந்தெடுத்து, ‘குரூப்’ என்னும் கட்டளையால் ஒரே படமாக்கிவிட வேண்டும். இதனை மறந்தால் படத்தை நகர்த்தும்போது அம்பு ஒரு பக்கமும் குறுக்குச்சாலை ஒரு பக்கமுமாகப் பிரியும்.

ஒவ்வொரு படத்தையும் புதிதாக வரைய வேண்டியதில்லை. நாற்சந்தியில் இடப்பக்கத் திருப்பம் ஒன்றை வரைந்தால், அதனைப் படியெடுத்துக் கிடைமட்டமாகப் புரட்டினால் வலப்பக்கத் திருப்பம். முச்சந்தி, கவைச்சாலை, அரைவட்டத் திருப்பம், ரவுண்டானா, மேம்பாலம் என ஏழெட்டு அச்சுகள் இருந்தால் நம் வட்டாரத்தின் எப்பயணத்திற்கும் போதும். அவற்றைத் தனித்தாளில் சேமித்து வையுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டினர். ஆதலின் ரவுண்டானாவின் அம்பு கடிகார முள் செல்லும் திசையில் சுற்ற வேண்டும், அரைவட்டத் திருப்பம் வலப்பக்கம் வளைய வேண்டும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரைவோர் இவ்விடத்தில்தான் பிழை செய்கின்றனர்.

மேம்பாலப் படத்திற்குத் தனிக்கவனம் தருக. சென்னைக்கு மேற்கே வழி தவறுவோரிற் பெரும்பாலோர் திருப்பத்தில் தவறுவதில்லை, பாலத்தில் தவறுகின்றனர் என்பது என் துணிபு. ஏற வேண்டுமா, அணுகுசாலையில் இறங்க வேண்டுமா என்பது பாலத்தின் அடிக்கு 300 மீட்டர் முன்னரே தெரிந்தாக வேண்டும். ஆகவே பாலத்தைக் குறிக்காமல், பிரியும் இடத்தையே ஒரு தனி வரிசையாக எழுதி, “பாலத்தில் ஏறற்க, இடப்பக்க அணுகுசாலை” என்று தடித்த எழுத்தில் இடுங்கள். பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து காஞ்சிபுரத்திற்குப் பிரியும் இடத்திற்கும் இதுவே விதி.

படத்தின்மேல் வலச்சொடுக்கிட்டு, அதன் இயல்புகளில் ‘கட்டத்துடன் நகரட்டும், ஆனால் அளவு மாறற்க’ என்னும் பொருளுடைய தெரிவைக் கொள்ளுங்கள். கால்க்கில் இதற்கு ‘ஆங்கர்’ என்று பெயர். ‘டு செல்’ என்பதைத் தெரிக. இதன்பின் இடையே புதுவரிசையைச் செருகினாலும் கீழுள்ள படங்கள் தத்தம் வரிசையுடனேயே இறங்கும்.

கணக்குப் பகுதி இனி. மொத்தத் தொலைவை மட்டும் நீங்கள் பதியுங்கள். முந்திய குறியிலிருந்து உள்ள தொலைவை விரிதாளே கழித்துத் தரட்டும்: மூன்றாம் பத்தியில் சமக்குறி இட்டு, இவ்வரிசையின் மொத்தத்திலிருந்து மேல்வரிசையின் மொத்தத்தைக் கழிக்கச் செய்து, அக்கட்டத்தைக் கீழ்நோக்கி இழுத்தால் எல்லா வரிசைகளும் நிரம்பும். கழித்தல் விடை எங்கேனும் எதிர்எண்ணாக வந்தால், அங்கே எண்ணைத் தவறாகப் பதிந்துள்ளீர்கள் என்று பொருள். நிறுத்தத்தில் மீட்டர் சுழியாகும் வரிசையில் மட்டும் இச்சூத்திரத்தை நீக்கிவிட வேண்டும்.

நேரத்திற்குரிய சூத்திரத்தில் மாணவர் அனைவரும் இடறும் கல் ஒன்று உண்டு. விரிதாள் ஒரு முழு நாளை ஒன்று என்று எண்ணுகிறது. ஆகவே மணியைச் சேர்க்க வேண்டுமாயின் 24ஆல் வகுத்தும், நிமிடத்தைச் சேர்க்க வேண்டுமாயின் 1440ஆல் வகுத்தும் சேர்க்க வேண்டும். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் 8.4 கி.மீ., வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று கொள்வோம். 8.4ஐ 30ஆல் வகுத்தால் 0.28 மணி, அதாவது ஏறத்தாழ 17 நிமிடம். அதனை 24ஆல் வகுத்து மேல்வரிசையின் நேரத்துடன் கூட்டினால் வந்துசேரும் நேரம் கிடைக்கும். மேல்வரிசையில் தங்கும் நிமிடம் இருப்பின் அதனையும் 1440ஆல் வகுத்துக் கூட்டுக. வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரையில் 20, நெடுஞ்சாலையில் 55, காஞ்சிபுர நகருக்குள் 15, வந்தவாசிச் சாலையில் 40 என்று வரிசைதோறும் தனித்தனியே இடுவதே அறிவுடைமை. குழுவின் வேகம் அதன் மெதுவான வண்டியின் வேகமே என்பதையும் நினைவிற் கொள்க.

நம் குடும்பங்களுக்கு இந்நேரப்பத்தி வெறும் அழகுக்கன்று. சென்னைப் பகுதியில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 அளவிலேயே கதிரவன் மறைகிறான். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 ஆகும். மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்பே உண்டு முடிப்போரும் நம்மிடையே உளர். பொங்கலையொட்டிய விடுமுறையில் செல்வதாகக் கொண்டால் மறைவு ஏறத்தாழ 6 மணி. உண்டு முடிக்க வேண்டியது 5.12, உணவிற்கு 40 நிமிடம் எனில் 4.32க்குள் உணவிடத்தில் இருத்தல் வேண்டும். இந்த 4.32ஐத் தாளின் மேலே ஒரு கட்டத்தில் எழுதி, உணவிடத்து வரிசையின் நேரம் அதனைத் தாண்டினால் சிவப்பு நிறமாகும்படி ‘கண்டிஷனல் ஃபார்மட்டிங்’ அமையுங்கள். பின்னர் எண்களை மாற்றிப் பாருங்கள். காலையில் அரைமணி முன்னதாகப் புறப்பட்டால் என்ன ஆகும்? திருப்பருத்திக்குன்றத்தில் ஒருமணி நேரம் கூடுதலாகத் தங்கினால்? அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்து ஓவியங்களையும், 1387ஆம் ஆண்டளவில் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தையும் விரைந்து பார்த்துவிட்டு வர எனக்கு மனமில்லை. ஆகவே நேரத்தைக் காலைச் சிற்றுண்டியில் குறைக்க வேண்டும் என்பேன். பொன்னூர் மலையில் முதியோர் படியேறும் நேரத்தையும் இளைஞரின் கால்களைக் கொண்டு கணக்கிடாதீர்.

‘செய்ய வேண்டியது’ என்னும் பத்தியின் சொற்களை எழுதியபின் உரக்கப் படித்துப் பாருங்கள். இத்தாளை ஒருவர் படிக்க, மற்றொருவர் செவியால் கேட்டு ஓட்டப்போகிறார். நம் நாட்டின் பெருநகரங்களில் பார்வையற்றோரை வழிகாட்டியாக அமர்த்தும் கார் ராலிகள் நடத்தப்பட்டு வருகின்றன. பிரெயில் எழுத்தில் அமைந்த வழிக்குறிப்பை அவர்கள் விரலால் தடவிப் படித்துச் சொல்ல, ஓட்டுநர் அதன்படி செல்கிறார். சாலையையே காணாத ஒருவர் படித்தாலும் வழி தவறாத அளவுக்குச் சொற்கள் தெளிவாக அமைய முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? “இடம்” என்று எழுதினால் அது திசையா, ஊரா என்னும் ஐயம் எழும். “இடப்பக்கம்” என்றே எழுதுக. முதியோர் படிக்கும் தாளாயின் “சோற்றுக்கைப் பக்கம்” என்று வலப்பக்கத்தைக் குறித்தாலும் இழுக்கில்லை. முதலில் தொலைவு, அடுத்து அடையாளம், கடைசியில் செயல் என்னும் ஒழுங்கை எல்லா வரிசைகளிலும் மாற்றாதீர். “2.3 கி.மீ. சென்றதும், ஆற்றுப்பாலம் கடந்து, இடப்பக்கம் திரும்புக.”

திருப்பமே இல்லாத நெடுவழியில் ஓட்டுநருக்கு ஐயம் தோன்றும். அதற்கென ஐந்தாறு கி.மீ.க்கு ஒன்றாக உறுதிக்குறி ஒன்றை இடுங்கள்: இருங்காட்டுக்கோட்டை சிப்காட், சுங்குவார்சத்திரம், மாங்கால் கூட்டுரோடு ஆகியன போல. முக்கியத் திருப்பங்களுக்குத் ‘தாண்டிவிட்டீர்’ குறியும் வேண்டும். “பாலுசெட்டிசத்திரம் என்னும் பெயர்ப்பலகையைக் கண்டால் காஞ்சிபுரத் திருப்பத்தைத் தாண்டிவிட்டீர், அடுத்த திருப்பத்தில் திரும்பி வருக.” இவ்வொரு வரி, பதற்றத்தில் உள்ள ஓட்டுநருக்கு அளிக்கும் ஆறுதல் பெரிது. மாமண்டூர் போன்ற பெயர்கள் வருமிடத்தில் “தூசியை அடுத்த மாமண்டூர், திருச்சி நெடுஞ்சாலை மாமண்டூர் அன்று” என்று முழுமையாக எழுதிவிடுங்கள்.

அச்சிடுகையில் ஏ4 தாளை நிமிர்ந்த நிலையில் வைத்து, ‘ஃபிட் டு ஒன் பேஜ் வைட்’ என்னும் தெரிவைக் கொண்டால் பத்திகள் அனைத்தும் ஒரு தாளின் அகலத்தில் அடங்கும். ‘ரோஸ் டு ரிபீட் அட் டாப்’ என்பதில் தலைப்பு வரிசையைக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அது தானே அச்சாகும். ஒரு பக்கத்திற்கு ஒன்பது படத்திற்கு மேல் வேண்டா, எழுத்துப் பொடியாகிவிடும். வேகம், தங்கும் நிமிடம் ஆகிய இரு பத்திகளை அச்சிடும் முன் மறைத்துவிடலாம். அவை கணக்குப் போடுவோருக்கே உரியன. ‘சார்ட்’ கட்டளையால் வரிசைகளை அடுக்க முயலாதீர். படங்கள் வேறு வரிசைக்குத் தாவிவிடக்கூடும்.

வண்டிக்கு இரு படிகள் தருக: ஒன்று படிப்பவர் கையில், மற்றொன்று பின்னிருக்கையில். வீட்டுப் பிள்ளைகளுள் பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்ட ஒருவரிடம் படிக்கும் பொறுப்பை ஒப்படைத்தால், அவர் முடித்த வரிசையைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே மிக நன்றாகச் செய்வர். பெரியோரைப் போல இடையில் பேச்சில் ஆழ்ந்துவிடுவதில்லை. முதல் தாளின் தலைப்பில் முன்னோட்ட நாள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடும் நேரம், முதல் வண்டி, கடைவண்டி ஆகியவற்றின் தொலைபேசி எண்கள் இருக்கட்டும். கடைவண்டியை ஓட்டுபவர் அவ்வழியை முன்பே அறிந்தவராக இருத்தல் நலம். அவ்வண்டி வந்து சேரும்வரை எந்நிறுத்தத்திலிருந்தும் ஒருவரும் புறப்படலாகாது என்பதையும் அத்தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். மருந்தும் சிறிது உணவும் நீரும் ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியே இருக்க வேண்டும் என்னும் வரியை அதற்கும் மேலே இடுக.